மருந்துப் பட்டமும் தலைமைப் பயிற்சியும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில், கடக்வாஸ்லா வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரே வகையான பேச்சுத்தான் கேட்கின்றது. மருத்துவக் கல்லூரியில் இடம் கிட்டவில்லை, பிள்ளையைப் பி.பார்ம். வகுப்பில் சேர்க்கலாமா? சேர்த்தால் நான்காண்டு கழித்து மருந்துக் கடையில் சீட்டை வாங்கி மாத்திரையை எடுத்துக் கொடுப்பதுதானா அவன் கதி? இந்தக் கேள்விகளோடு அண்மைக் காலமாக இன்னொன்றும் சேர்ந்துகொண்டுள்ளது. பி.பார்ம். முடித்த கையோடு எம்.பி.ஏ. அல்லது தலைமைத்துவம் என்னும் பெயரில் நடைபெறும் முதுகலைப் படிப்பு ஒன்றையும் முடித்துவிட்டால், பிள்ளை நேராக மேலாளர் நாற்காலியில் சென்று அமர்ந்துவிடலாம் அன்றோ என்பதே அது.

இக்கேள்வியை நம்மிடம் கேட்ட அன்பர்கள் ஒருவரல்லர், இருவரல்லர். மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிவோர், தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் பணிபுரிவோர், கிரிநகரில் இருப்போர் எனப் பலரும் கேட்டுவிட்டனர். வங்கிக் கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைக்கும் குடும்பத்திற்கு இரண்டாண்டுக் கட்டணம் என்பது சிறிய தொகையன்று. பெண் பிள்ளையாயின், "படிப்பு நீண்டுகொண்டே போனால் கலியாணம் எப்போது?" என்று ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில் கேட்கும் கேள்விக்கும் விடை சொல்லியாக வேண்டும். ஆகவே இதனைச் சற்று விரிவாகவே ஆராய முற்படுகின்றோம்.

முதற்கண், மருந்தியல் படிப்பு மருத்துவப் படிப்பிற்கு மாற்றாக எறியப்பட்ட எலும்புத்துண்டு என்னும் எண்ணத்தை நம்மவர் கைவிடல் வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மருந்தியல் வகுப்புத் தொடங்கிவிட்டது. எனினும் அந்நாளில் மருந்தைக் கலந்து கொடுப்பவர் கம்பவுண்டர் என்ற அளவிலேயே மதிக்கப்பட்டார். மருத்துவரின் கையாள் என்பதற்கு மேல் அவருக்கு இடமில்லை. அந்நிலையை மாற்றியவர்களுள் இருவரை நாம் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். ஒருவர் பேராசிரியர் மகாதேவ லால் ஷ்ராஃப். 1932ஆம் ஆண்டு காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் இந்நாட்டின் மருந்தியல் பட்டக் கல்விக்கு வித்திட்டவர். மற்றவர் கர்னல் ராம்நாத் சோப்ரா.

சோப்ராவைப் பற்றிக் கடக்வாஸ்லாவில் இருக்கும் நாம் தனியே ஒரு சொல் சொல்லலாம். அவர் இராணுவ மருத்துவ சேவையில் இருந்தவர்; கேம்பிரிட்ஜில் மருந்தின் செயல்பாட்டைப் பற்றிய விஞ்ஞானத்தைக் கற்றுத் தேர்ந்தவர். 1930ஆம் ஆண்டு அன்றைய அரசாங்கம் அமைத்த மருந்து விசாரணைக் குழுவிற்குத் தலைவராக நியமிக்கப்பட்டார். கலப்பட மருந்தும் வீரியமற்ற மருந்தும் நாடெங்கும் கேட்பாரற்று விற்கப்பட்டுவந்த காலம் அது. நாட்டின் பல பகுதிகளிலும் விசாரித்து 1931இல் அக்குழு அளித்த அறிக்கையின் பயனாகவே 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டமும் 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டமும் பிறந்தன. சோதனைக் குழாயை நன்கு அறிந்த ஒருவர், மனிதர்களைக் கூட்டி, சாட்சியம் கேட்டு, எதிர்ப்பவரை இணங்கவைத்து, ஒரு காரியத்தை முடித்துக் காட்டினார். மருந்தறிவும் தலைமையும் ஓரிடத்தில் கூடினால் என்ன விளையும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. அவருடைய பெயருக்குப் பின்னால் எம்.பி.ஏ. என்னும் எழுத்துக்கள் இருந்ததில்லை என்பதையும் உடன் சொல்லிவிடுகின்றோம்.

கடல் கடந்த நாடுகளிலும் இத்தகையோர் உண்டு. அமெரிக்காவில் மருந்துக் கடையொன்றில் பயிலுநராகத் தொழில் கற்ற எலை லில்லி என்பவர், அந்நாட்டு உள்நாட்டுப் போரில் பீரங்கிப்படைப் பிரிவொன்றைத் திரட்டி நடத்திக் கர்னல் ஆனவர். அவரே 1876இல் இண்டியானாபொலிஸ் நகரில் தம் பெயரால் மருந்து நிறுவனத்தைத் தொடங்கினார். நம் நாட்டில் மருந்தியல் பட்டதாரியான முரளி திவி 1990ஆம் ஆண்டு ஐதராபாத்தில் தொடங்கிய நிறுவனம் இன்று பல நாடுகளுக்கு மருந்து மூலப்பொருள் அனுப்புகின்றது. டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தை 1984இல் தோற்றுவித்த அஞ்சி ரெட்டி, பம்பாயில் மருந்துத் தொழில்நுட்பம் பயின்றபின், முனைவர் பட்ட ஆய்வு செய்தது நமக்கு அண்மையிலுள்ள பாஷான் சாலைத் தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தில்தான் என்பது நம்மவர் பலருக்குத் தெரிந்திராது.

இதே புனே நகரின் மறுகோடியில், பிம்ப்ரியில், 1954ஆம் ஆண்டு இந்துஸ்தான் ஆண்டிபயாடிக்ஸ் நிறுவப்பட்டு, மறு ஆண்டே பென்சிலின் உற்பத்தி தொடங்கியது. அரசாங்கத்தின் முதல் மருந்து உற்பத்தி நிறுவனம் அது. அங்கே திருமலாச்சார் என்னும் அறிஞரின் குழு கண்டுபிடித்த பூஞ்சைக்கொல்லி மருந்திற்கு அந்நிறுவனத்தின் பெயரையொட்டியே ஹாமைசின் என்று பெயரிட்டனர். அத்தகைய நிறுவனமும் பின்னாளில் நட்டத்தில் வீழ்ந்து நலிவுற்றது. அறிவாளிகள் இல்லாமையால் அது நலிந்தது என்று எவரும் சொல்லார். விஞ்ஞானம் மட்டும் ஒரு தொழிற்சாலையைக் காத்துவிடாது என்று கருதுவோர்க்கு இது வலுவான சான்று, அவ்வளவில் எம்.பி.ஏ. கட்சியார் பேசுவதில் நியாயம் உண்டென்றே நாமும் சொல்வோம். புனேயிலேயே 1981இல் எம்கியூர் நிறுவனத்தைத் தொடங்கிய சதீஷ் மேத்தா ஆமதாபாத் ஐ.ஐ.எம்.மில் நிருவாகம் பயின்றவர் என்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டலாம்.

ஆனால் நிருவாகம் என்பது கம்பெனி முதலாளிகளுக்கு மட்டும் உரியதன்று. மருந்தாளுநரின் அன்றாட வேலையைப் பார்ப்போம். நடுத்தர மருத்துவமனை ஒன்றின் மருந்துப் பிரிவுத் தலைவரிடம் நூற்றுக்கணக்கான மருந்து வகைகள் இருக்கும். எது முன்னர்க் காலாவதியாகுமோ அது முன்னர் வெளியே போகவேண்டும். இன்சுலினும் தடுப்பூசியும் 2 முதல் 8 டிகிரி வெப்பத்திற்குள் காக்கப்படல் வேண்டும். மின்சாரம் நின்றால் யார், எத்தனை நிமிடத்திற்குள், எங்கே மாற்றுவது என்பது முன்னரே எழுதி வைக்கப்பட்டிருத்தல் வேண்டும். போதை தரும் மருந்துகளின் பதிவேட்டில் ஒரு குப்பி குறைந்தாலும் விடை சொல்ல வேண்டியவர் அவரே. மூத்த மருத்துவர் ஒருவர் அளவு தவறி எழுதிய சீட்டைத் திருப்பி அனுப்ப வேண்டியவரும் அவரே. இந்தக் கடைசி வேலைக்கு மருந்தறிவு பாதிதான் உதவும். மீதிப் பாதி, மூத்தவரின் மனம் கோணாமல், அதே சமயம் நோயாளியின் உயிரைப் பணயம் வைக்காமல் பேசத் தெரிந்திருத்தல். இதையே தலைமை என்கின்றோம்.

1961ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் பான்ஷேத் அணை உடைந்து, அவ்வெள்ளம் நம் கடக்வாஸ்லா அணையையும் உடைத்துக்கொண்டு புனே நகருக்குள் புகுந்ததை இவ்வூர்ப் பெரியோர் இன்றும் சொல்வர். அப்படியொரு நாளில் கீழ்த்தளத்து மருந்து அறைக்குள் நீர் ஏறும்போது எந்தப் பெட்டியை முதலில் மேலே தூக்குவது என்று ஒரு நொடியில் முடிவு செய்து, நான்கு பேரை ஏவி, அதைச் செய்து முடிப்பவர் யார்? பட்டச் சான்றிதழ் அப்போது நனைந்துகொண்டிருக்கும்.

இனி நம் தாய்நாட்டிற்கு வருவோம். மருந்தையும் நிருவாகத்தையும் இணைத்தமைக்குத் தமிழகம் பெருமைப்படத்தக்க எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994ஆம் ஆண்டு ஜூலையில் பதிவாகி, 1995 ஜனவரியில் செயற்படத் தொடங்கியது. அதற்கு முன்னர் அரசு மருத்துவமனைகளில் நோயாளிக்குச் சீட்டை எழுதி வெளிக்கடையில் வாங்கிக்கொள்ளச் சொல்வது வழக்கமாயிருந்தது. ஓரிடத்தில் ஒரு மருந்து குவிந்து காலாவதியாகும். பக்கத்து ஊரில் அதே மருந்து கிடைக்காது. பூரணலிங்கம் என்னும் ஐ.ஏ.எஸ். அதிகாரியின் முயற்சியால் உருவான இக்கழகம் செய்தது என்ன?

மிகத் தேவையான மருந்துகளுக்கு முதலில் ஒரு பட்டியல் வகுத்தனர். மாநிலம் முழுமைக்கும் ஒரே டெண்டரில் வணிகப் பெயரின்றி மூலப் பெயரால் கொள்முதல் செய்தனர். மொத்தமாக வாங்கியதால் விலை சரிந்தது. மாவட்டந்தோறும் கிடங்கு அமைத்து, ஒவ்வொரு கிடங்கின் இருப்பையும் கணிப்பொறியில் ஏற்றினர். கணிப்பொறி என்பதே அரசாங்க அலுவலகங்களுக்குப் புதுமையாயிருந்த காலம் அது என்பதை எண்ணிப் பார்க்க. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிப் பாஸ்புத்தகம் போன்ற ஒரு புத்தகம் கொடுத்து, அதற்கு ஒதுக்கிய தொகைக்கு வேண்டிய மருந்தை வேண்டியபோது எடுத்துக்கொள்ளச் செய்தனர். இதனால் மேலிருந்து தள்ளிவிடும் மருந்தை வாங்கிக்கொள்ளும் நிலை ஒழிந்தது. வந்திறங்கும் சரக்கிலிருந்து மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயரை மறைத்து, குறியீட்டு எண் மட்டும் இட்டு ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பினர். எவருடைய மருந்தைச் சோதிக்கின்றோம் என்பது சோதிப்பவருக்கே தெரியாது. சோதனையில் தேறிய பின்னரே அது நோயாளியிடம் போகும். மாத்திரை அட்டையிலேயே தமிழ்நாடு அரசினுடையது, விற்பனைக்கு அன்று என்று அச்சிட்டதால் களவுக்கும் ஒரு தடை ஏற்பட்டது.

கேரளமும் இராஜஸ்தானமும் பின்னர் இவ்வழியில் தத்தம் கழகங்களை அமைத்துக்கொண்டன. இராஜஸ்தானம் 2011இல் அமைத்த கழகத்தைக் கொண்டே அவ்வாண்டு அக்டோபரில் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. இத்திட்டத்தில் புதிய மருந்து ஒன்றும் கண்டுபிடிக்கப்படவில்லை. மருந்து எவ்வாறு கெடும், எவ்வாறு சோதிக்கப்படும் என்னும் அறிவும், கொள்முதல், கிடங்கு, கணக்கு, மனித இயல்பு என்பவை பற்றிய அறிவும் ஒன்றுசேர்ந்தன, அவ்வளவே. மருந்தியலுடன் நிருவாகத்தையும் படிக்க விரும்பும் பிள்ளை, அயல்நாட்டுப் பாடப் புத்தகத்தைத் திறக்குமுன் இக்கழகத்தின் வரலாற்றைப் படிப்பது நன்று.

ஆயின், இரண்டையும் எப்போது, எவ்வரிசையில் படிப்பது? இங்கேதான் நம் அன்பர்கள் பலர் அவசரப்படுகின்றனர் என்பது நம் கருத்து. மருந்து உற்பத்தியைப் பொறுப்பேற்று மேற்பார்வை செய்யும் தொழில்நுட்ப அலுவலர் யாராக இருக்கலாம் என்பதைச் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகளே சொல்கின்றன. மருந்தியல் பட்டதாரியாயின், பட்டம் பெற்றபின் குறைந்தது 18 மாதங்கள் மருந்து உற்பத்தியில் நேரடி அனுபவம் வேண்டும். மருந்து ஆய்வாளர் பதவிக்குச் சென்று உற்பத்திச் சாலைகளைச் சோதிக்கும் அதிகாரம் பெறுவதற்கும் இத்தகைய அனுபவம் கேட்கப்படுகின்றது. பி.பார்ம். முடித்த மறுமாதமே எம்.பி.ஏ. வகுப்பில் போய் அமரும் பிள்ளை, இரண்டாண்டு கழித்து வெளிவரும்போது இந்தப் 18 மாதங்களில் ஒரு நாளும் அவன் கணக்கில் இராது. நாற்காலி கிடைக்கலாம், ஆனால் மருந்துச் சாலைக்குள் கையெழுத்திடும் உரிமை கிடைக்காது. அவன் நிற்குமிடம் பெரும்பாலும் விற்பனைப் பிரிவாகவே இருக்கும். விற்பனை இழிவான தொழில் என்று நாம் சொல்லவில்லை. நான்காண்டு கற்ற மருந்தியலை அங்கே எவ்வளவு பயன்படுத்துவான் என்பதே கேள்வி.

ஆகவே பட்டம் பெற்றவுடன் இரண்டாண்டேனும் உற்பத்திச் சாலையிலோ, தரச் சோதனைக் கூடத்திலோ, மருத்துவமனையிலோ நின்று வேலை கற்றபின் நிருவாகப் படிப்பிற்குச் செல்வதே மேல் என்று நாம் கருதுகின்றோம். இரவு ஷிப்டில் இயந்திரம் நின்றதையும், ஒரு தொகுதி மாத்திரை முழுவதும் தரமற்றதென ஒதுக்கப்பட்டதையும், அதற்காக மேலதிகாரியின் முன் நின்றதையும் அனுபவித்தவனுக்கு வகுப்பறையில் ஆசிரியர் சொல்வது விளங்கும். அனுபவமில்லாதவனுக்கு அது மனப்பாடம்.

நம் ஏரியின் அக்கரையில் இருக்கும் தேசியப் பாதுகாப்புக் கழகத்தையே பாருங்கள். 1949ஆம் ஆண்டு பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1955இல் திறக்கப்பட்ட அக்கழகத்தின் வேலையே தலைவர்களை உருவாக்குவது. அங்கே சேரும் இளைஞன் மூன்றாண்டுகளில் ஆறு பருவங்கள் பயில்கின்றான். முதற்பருவத்தில் எவரும் அவனிடம் தலைமை தாங்கு என்று சொல்வதில்லை. விடியுமுன் எழு, காலணியைத் துடை, ஓடு, கட்டளைக்குக் கீழ்ப்படி என்பதுவே பாடம். மூத்த பருவங்களுக்கு வந்த பின்னரே தேர்ந்தெடுத்த சிலருக்குத் தம் இளையோரை நடத்தும் பொறுப்பு அளிக்கப்படுகின்றது. 2022ஆம் ஆண்டு முதல் பெண்களும் அங்கே சேர்க்கப்பட்டு, 2025 மே மாதத்தில் முதல் தொகுதியினர் 17 பேர் பயிற்சி முடித்து வெளிவந்தனர். அவர்களுக்கும் அதே வரிசைதான். நம் வீட்டுப் பெண்ணால் இரவு ஷிப்டில் வேலை பார்க்க இயலுமா என்று தயங்கும் தாய்மார், மாலையில் அணைக்கரைப் பக்கம் நடக்கும்போது எதிர்க்கரையைச் சற்றே நோக்குவார்களாக.

படிப்பிற்கான வழிகள் எவை என்று கேட்போர்க்குச் சிலவற்றைச் சொல்கின்றோம். மருந்துத் தொழிலுக்கென்றே அமைந்த எம்.பி.ஏ. பட்டத்தை மத்திய அரசின் நைப்பர் நிறுவனங்களுள் மொகாலியிலும் ஐதராபாத்திலும் பெறலாம். தனி நுழைவுத் தேர்வு உண்டு. புனேயிலேயே மருத்துவமனை நிருவாகத்தில் எம்.பி.ஏ. அளிக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. வேலையை விட மனமில்லாதவர்க்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழி எம்.பி.ஏ. ஏற்றது, கட்டணமும் எளிது. இதில் ஓர் எச்சரிக்கை. நிருவாகத்தை அஞ்சல்வழி படிக்கலாம். மருந்தியலை அவ்வாறு படிக்க விதி இடந்தரவில்லை. அஞ்சலில் பி.பார்ம். தருகின்றோம் என்று எவரேனும் விளம்பரம் செய்தால் பணத்தை மடியிலேயே முடிந்து வைத்துக்கொள்க.

ஒரே காலத்தில் இரு பட்டம் பயிலலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் இசைவளித்தது உண்மையே. ஒன்றை நேரிலும் மற்றொன்றை அஞ்சல் அல்லது இணையவழியிலும் படிக்கலாம். ஆயினும் தொழிற்கல்விப் பட்டங்களுக்கு அந்தந்தக் கவுன்சிலின் விதிகளும் பொருந்தும் என்று அவ்வறிவிப்பே சொல்வதால், மருந்தியல் மாணவர் தம் கல்லூரியில் எழுத்து மூலம் கேட்டறிந்த பின்னரே பணம் கட்டுதல் வேண்டும்.

அமெரிக்கா செல்லும் எண்ணமுடைய குடும்பங்கள் வேறொரு செய்தியைக் கட்டாயம் அறிதல் வேண்டும். அந்நாட்டில் மருந்தாளுநராவதற்கு இப்போது பார்ம்.டி. என்னும் பட்டமே நுழைவாயில். அங்கே பல பல்கலைக்கழகங்கள் பார்ம்.டி.யோடு எம்.பி.ஏ.யையும், சில இடங்களில் தலைமைத்துவ முதுகலையையும் பின்னிப் பிணைத்து, சில பாடங்களை இரு பட்டத்திற்கும் பொதுவாக்கி, தனித்தனியே படிப்பதைவிடக் குறைந்த காலத்தில் முடிக்கச் செய்கின்றன. நம் நாட்டிலிருந்து மருந்தாளுநராகவே அங்குச் செல்ல விரும்புவோர்க்குத் தடை ஒன்று உண்டு. 2003ஆம் ஆண்டு ஜனவரிக்குப் பின் பட்டம் பெற்றவராயின், குறைந்தது ஐந்தாண்டுப் பாடத்திட்டத்தில் பயின்றிருத்தல் வேண்டும். நம் பி.பார்ம். நான்காண்டே ஆதலின் அது போதாது. 2008ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் நடைபெறும் ஆறாண்டுப் பார்ம்.டி. அந்தத் தடையைத் தாண்டும். பி.பார்ம். நான்கும் எம்.பி.ஏ. இரண்டும் கூட்டினாலும் ஆறாண்டுதான். ஆனால் அமெரிக்கத் தேர்வு வாரியத்தின் கண்ணில் இவ்வாறும் அவ்வாறும் ஒன்றல்ல. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கோடையிலேயே இதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பின்னர் வருந்துவதில் பயனில்லை.

இராணுவ மருத்துவப் பிரிவில் மருந்தியல் பட்டயம் அல்லது பட்டம் பெற்றோரைச் சிப்பாய் பார்மா என்னும் பெயரில் சேர்க்கும் வழியும் இருக்கின்றது. தொடக்கத்தில் சிப்பாய் என்னும் பெயரைக் கண்டு பெற்றோர் முகஞ்சுளிக்கின்றனர். மருந்தும் கட்டுப்பாடும் ஒருங்கே கற்க அதனினும் நல்ல பள்ளி எதுவென்று நமக்குத் தெரியவில்லை.

கடைசியாக, நம்மைப் போல் பிற மாநிலத்திலிருந்து வந்தவர்கள் தடுமாறும் இடம் ஒன்றைச் சொல்லவேண்டும். மராட்டிய மாநிலத்தில் பி.பார்ம். இடங்கள் பொது நுழைவுத் தேர்வின் வழி நிரப்பப்படுகின்றன. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் இம்மாநிலத்தில் தேறி, இங்கேயே பிறந்தோ வாழிடச் சான்று பெற்றோ இருக்கும் பிள்ளைக்கு வழி நேரானது. வாழிடச் சான்றிற்குப் பொதுவாகப் பதினைந்தாண்டு வாசம் கேட்கப்படுகின்றது. அத்தனை ஆண்டு ஆகாதவர்கள் மனமுடைந்து போக வேண்டுவதில்லை; தந்தையோ தாயோ மத்திய அரசிலோ அதன் நிறுவனங்களிலோ பணிபுரிந்து, மாற்றலாகி இம்மாநிலத்தில் பொறுப்பேற்றிருந்தால், அப்பிள்ளைகளுக்குச் 'சி' வகை என்று தனிப் பிரிவு உண்டு. கடக்வாஸ்லாவில் நம்மவருள் பெரும்பாலோர் இவ்வகையினரே. இதற்கு அலுவலகத் தலைவரின் சான்று வேண்டும். விண்ணப்பம் முடியும் வாரத்தில் அந்த அதிகாரி விடுப்பில் போயிருப்பார் என்பது இவ்வுலக நியதி. ஆதலால் அதனை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்க. தமிழகத்தில் படித்துப் பட்டம் பெற்று இங்கே வந்து வேலை பார்க்கும் மகனோ மருமகளோ இருப்பின், சென்னையில் செய்த பதிவு மட்டும் போதும் என்று இருந்துவிடாமல், மராட்டிய மாநில மருந்தியல் கவுன்சிலிலும் பதிவு பெற்றுக்கொள்ளல் வேண்டும். கடையில் நின்று மருந்து வழங்கும் உரிமை பதிவு பெற்ற மருந்தாளுநருக்கே உரியது என்பது 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவு.